பிள்ளை பெற்ற வீட்டில் சர்க்கரை

குழந்தைக்கு எட்டு மாதம், தாய்க்கு 28 வயது என்று வைத்துக்கொள்வோம். அசதி தாங்கவில்லையே என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் 160, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 250. அந்தச் சீட்டைப் பார்த்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அப்படி என்னத்தச் சாப்பிட்ட?" என்பது. அடுத்தது, "உங்க வீட்டுல யாருக்கு இருக்கு?" முதல் கேள்வி அவளைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது அவள் பிறந்த வீட்டையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிறது. கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை எவ்வளவு இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு யாராவது திரும்பப் பார்த்தார்களா என்று கேட்பவர்கள் அபூர்வம். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நஞ்சுக்கொடி குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் அனுப்பும் உறுப்பு என்றுதான் நமக்குத் தெரியும். அது ஒரு சுரப்பியும்கூட. அது சுரக்கும் லாக்டோஜென், புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்களும், கர்ப்பத்தில் கூடிவிடும் கார்டிசோலும் தாயின் தசைகளை இன்சுலினுக்கு மசியாதபடி செய்துவிடுகின்றன. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தாயின் தசை சர்க்கரையை அவசரமாக இழுத்துக்கொள்ளாவிட்டால் அது ரத்தத்தில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும், பிள்ளைக்குப் போய்ச் சேரும். ஆறாம் மாதம் நெருங்கும்போது இந்த எதிர்ப்பு வேகமாக ஏறுகிறது. ஈடுகொடுக்கக் கணையம் வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரந்தாகவேண்டும். அதற்காகவே அங்குள்ள பீட்டா செல்கள் பெருகுகின்றன. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எலிகளில் இந்தப் பெருக்கத்தைத் தூண்டுவது செரோட்டோனின் என்று காட்டியது. மனநிலையைப் பற்றிப் பேசும்போது நாம் கேள்விப்படுகிற அதே வேதிப்பொருள், கர்ப்பகாலத்தில் கணையத்துக்குள்ளேயே தயாராகிறது.

எல்லாருடைய கணையத்துக்கும் இந்தக் கூடுதல் வேலை முடிவதில்லை. கையிருப்பு குறைந்த பெண்ணுக்கு அப்போதே சர்க்கரை ஏறும். அதைத்தான் கர்ப்பகால நீரிழிவு என்கிறோம். பிரசவத்தில் நஞ்சு வெளியேறியதும் ஹார்மோன்கள் சரசரவென்று இறங்கும், எதிர்ப்பும் விலகும். ஓரிரு நாளில் சர்க்கரை அளவு இயல்பாகிவிடும். "சரியாப் போச்சு" என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். சரியானது ரத்தத்தில் இருந்த சர்க்கரைதான். கணையத்தின் கையிருப்பு பழைய அளவில்தான் இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னும் பெரிய தொகுப்பு அதைக் கிட்டத்தட்ட பத்து மடங்கு என்றது.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. மருத்துவர் வி.சேஷய்யா, கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைப் பரிசோதனையை நம் ஊர் நடைமுறைக்கு ஏற்ப எளிமையாக்கியவர். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துக் கர்ப்பிணி பேருந்து பிடித்து மயங்கிப்போய் வருவாள், அல்லது அடுத்த முறை வரவே மாட்டாள். ஆகவே எப்போது சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும், 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்ற முறையை அவரும் அவருடைய குழுவினரும் வகுத்தார்கள். 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

கண்டுபிடிப்பதில் இவ்வளவு முன்னே போன நாம், பிரசவத்துக்குப் பிறகு கோட்டை விடுகிறோம். ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்கவேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறி சொல்கிறது. அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள்? புகுந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தவள், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்து, அங்கே பிள்ளை பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பிப் போகிறாள். இரண்டு ஊர் செவிலியர்களின் பதிவேட்டுக்கும் நடுவே அவள் விழுந்துவிடுகிறாள். அடுத்த கர்ப்பத்திலோ வேறு ஏதோ காரணத்துக்கு ரத்தம் பார்க்கும்போதோதான் உண்மை தெரியவருகிறது.

நோயின் அறிகுறிகளும் நன்றாக ஒளிந்துகொள்ளும். தாகம் எடுத்தால் "பால் குடுக்குறல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். எடை குறைந்தால் பிரசவ உடம்பு வடிகிறது என்பார்கள். அசதிக்குப் பிள்ளை தூங்கவிடாதது காரணம், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவதற்கு நிறையத் தண்ணீர் குடிப்பது காரணம். ஒவ்வொன்றுக்கும் தாய்மையிலேயே விடை இருப்பதால் யாரும் சர்க்கரையை நினைப்பதில்லை. இதில் ஆபத்தான ஒரு வகை இருக்கிறது. சில வாரங்களிலேயே உடம்பு ஒடுங்கி, தாகம் அடங்காமல், வாந்தியும் வயிற்றுவலியும் சேர்ந்து, மூச்சில் பழவாடை அடித்தால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழித்துவிடும் நோய் அது. குழந்தைகளுக்கு மட்டும் வருவதென்பது தவறான எண்ணம், முப்பது வயதிலும் வரும். அவளுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது உயிருக்கு உலை வைப்பது. இன்சுலின் உடனே வேண்டும், மருத்துவமனையில் சேர்க்கவும் வேண்டியிருக்கலாம்.

எனவே இளந்தாய்க்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் மருத்துவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இது எந்த வகை?" என்பது. ஒல்லியானவர், வேகமாக எடை குறைந்தவர், மாத்திரைக்கு அடங்காதவர் என்றால் உடல் தன் பீட்டா செல்களையே தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி எதிர்ப்பொருள் பரிசோதனையும், கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு அளவும் பார்ப்பது நல்லது. குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, எல்லாருக்கும் இளம் வயதிலேயே வந்திருந்தால் ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் மோடி வகையாகவும் இருக்கலாம். அதில் சிலருக்குச் சிகிச்சையே மாறிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, மூன்று மாதச் சராசரி என்று சொல்லப்படும் எச்பிஏ1சி பற்றியது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அவ்வளவு நாளும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரையை அளப்பதுதான் அந்தச் சோதனை. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பிரசவத்தில் அதிக ரத்தம் போயிருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டும். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் சோகை உள்ளவர்கள். ஆகவே பிரசவித்த முதல் சில மாதங்களில் இந்த ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுப்பது சரியில்லை. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 என்ற பழைய அளவுகோல்தான் அப்போது நம்பகமானது.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்று பல பெண்கள் கேட்கிறார்கள். 2004-இல் லான்செட் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் படத்தையே போட்டிருந்தார்கள். ஒருவர் புனேயின் யாக்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3. உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசில் ஒரே மாதிரி நிற்கும் இரண்டு உடம்புகளில் நம்மவர் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு வயிற்றிலும் ஈரலிலும் சேரும்போது இன்சுலின் எதிர்ப்பு வளர்கிறது. அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள்.

அடுத்து எல்லார் வாயிலும் வரும் சந்தேகம் தாய்ப்பால். சர்க்கரை உள்ளவளின் பால் இனிக்கும், பிள்ளைக்கும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி டப்பா பாலுக்கு மாற்றிவிடும் வீடுகள் உண்டு. இதைவிடப் பெரிய தப்பு இல்லை. பாலின் இனிப்பு லாக்டோஸ். அதை மார்புச் சுரப்பி தானே கட்டுகிறது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பாலில் குளுக்கோஸ் சற்றுக் கூடலாம், ஆனால் அது பாலில் மிகச் சிறு பங்கு. மாறாக, லாக்டோஸ் செய்வதற்குச் சுரப்பி தாயின் ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது, அதுவும் இன்சுலினின் உதவி இல்லாமலே. முழுதாகப் பால் கொடுப்பவளுக்கு நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குப் பால் சுரப்பதற்கே செலவாகிறது. கலிபோர்னியாவில் கர்ப்பகால நீரிழிவு வந்த சுமார் 1,000 பெண்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வந்தது. தாய்ப்பால் மட்டுமே அல்லது பெரும்பாலும் தாய்ப்பாலே கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

மருந்தைப் பற்றியும் அஞ்சவேண்டாம். இன்சுலின் ஒரு புரதம். பாலில் கலந்தாலும் பிள்ளையின் வயிற்றில் செரித்துப்போகும். மெட்பார்மின் பாலில் போகும் அளவு, தாயின் எடைக்கேற்ற அளவோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. மற்ற மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்ல முடியாது, ஆகையால் பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கவனிக்கவேண்டியது தாழ்சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர் இரவு பால் கொடுத்த பிறகு வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் சர்க்கரையும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் சாப்பிடுங்கள். சிகிச்சை தொடங்கிய புதிதில் கண் மங்கினால் பயந்து கண்ணாடி மாற்றிவிடாதீர்கள். சர்க்கரை இறங்கும்போது கண்வில்லையின் நீரளவு மாறுவதால் வருவது அது, சில வாரங்களில் தெளியும். அதற்காக விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இனி சமையலறைக்கு வருவோம். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் கொடுக்கும் பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு இவற்றில் சர்க்கரைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. சொல்லப்போனால் சுறாப்புட்டு நல்ல புரதம். வம்பு கருப்பட்டி போட்டுக் கிளறிய பிரசவ லேகியத்தில் இருக்கிறது, பால் சுரக்க என்று வேளாவேளைக்குத் தரும் சத்துமாவுப் பானத்தில் இருக்கிறது, குவித்துப் போடும் சோற்றில் இருக்கிறது. கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது கடைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். ஓரளவு தாதுக்கள் இருப்பதால் அது நீரிழிவுக்காரருக்கு ஏற்றதாகிவிடாது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கேழ்வரகுக்கும் இதே கதைதான். களியாகவோ அடையாகவோ கீரையோடு சாப்பிட்டால் ஒரு விதம். நைசாக அரைத்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்.

மருத்துவமனைகளில் நகலெடுத்துக் கொடுக்கும் உணவுப் பட்டியலைப் பலர் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இருந்தால் கிழித்துப்போடலாம் என்பது என் கட்சி. நடக்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல், நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் மாவுச்சத்து முதலில், இன்னொரு நாள் காய்கறியும் புரதமும் முதலில். காயை முதலில் தின்ற நாளில் ஒரு மணி நேரத்துக்குப் பின் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனால் காசும் செலவில்லை, சமையலும் மாறவில்லை. பொரியல், கூட்டு, முட்டை, மீன், சுண்டல் எது இருக்கிறதோ அதை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில், பாதியளவில் போட்டுக்கொள்ளலாம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய குழம்பும் சோறும் மட்டும் சாப்பிடுகிறவளுக்கு இதுவும் முடியாது என்பதை மறக்கவேண்டாம்.

தூக்கத்துக்கு வருவோம். 1999-இல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அவர்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரை விலகும் வேகம் ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. இருபது வயதுப் பையன்களுக்கு ஒரு வாரத்தில் இப்படியென்றால், மாதக்கணக்கில் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுகிறவள் உடம்பு எப்படி இருக்கும்? அவளைக் காலை ஐந்தரைக்கு எழுப்பி நடைப்பயிற்சிக்கு அனுப்புவது இந்த விஞ்ஞானத்தைக் காலால் எட்டி உதைப்பது. அதற்குப் பதில் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். வேலை செய்யும் தசை இன்சுலினைக் கேட்காமலே சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு நடப்பதால் ஏறுகிற சர்க்கரையை ஏறும்போதே பிடிக்கலாம்.

வாழ்க்கைமுறை மாற்றம் வேலை செய்யுமா என்றால், செய்யும். சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரிடம் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்பார்மின் 26.4 சதவீதம் குறைத்தது. அந்த 531 பேரும் நடுவயதுக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வில், முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்கு நோய் வருவதை மெட்பார்மின், வாழ்க்கைமுறை மாற்றத்துக்குச் சமமாக, ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது.

இனித்தான் முக்கியமான ஆய்வு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளிலும் கர்ப்பகால நீரிழிவு வந்து அண்மையில் பிரசவித்த சுமார் 1,600 பெண்களைச் சேர்த்து 'லிவிங்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் குழுவாகக் கூட்டிப் பயிற்சி, தொலைபேசியில் நினைவூட்டல் என்று 12 மாதத் திட்டம். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2022-இல் முடிவு வந்தபோது இரண்டு தரப்பிலும் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குச் சர்க்கரை ஒரு படி மோசமாகியிருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொரோனாக் காலம் குறுக்கிட்டது ஒரு காரணமாக இருக்கலாம். என் வாசிப்பு இது: கைக்குழந்தைக்காரியிடம் அறிவுரையைக் கொடுத்துவிட்டு, அவளுடைய நேரத்தை, தூக்கத்தை, அடுப்படியை அப்படியே விட்டுவைத்தால் அறிவுரை வேலை செய்யாது. ஒரு வீட்டில் இரண்டு சமையல் நடக்காது. வீட்டுச் சோறு குறையாமல் அவள் சோறு குறையாது. இரவில் ஒரு முறையாவது பிள்ளையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் அவள் தூங்க முடியாது. கணவனுக்கும் மாமியாருக்கும் இதில் கொடுக்கவேண்டிய மருந்துச் சீட்டு தனியாக எழுதப்படவேண்டும். அதே கூட்டும் கீரையும் அவர்களுக்கும் தேவைதான். 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், விளிம்பில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல். அந்த வீட்டிலேயே இன்னொருவர் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

அழுகை வரும், எரிச்சல் வரும், ஊசியைத் தூக்கி எறியலாம் போலவும் வரும். விரலைக் குத்திக் குத்தி எண் பார்த்துக் களைத்துப்போவதை மருத்துவ உலகம் தனியாகப் பெயரிட்டு அளக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு அது சேர்ந்துகொண்டால் தானாகப் போகட்டும் என்று விடக்கூடாது, மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

அடுத்த குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரங்களில் உருவாகிவிடும். நாள் தள்ளிப்போனதை உணர்ந்து மருத்துவரிடம் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது கரு தரித்தால் பிறவிக் குறைபாடுகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வரும்வரை கருத்தடை, வந்த பிறகு போலிக் அமிலம், சில ரத்த அழுத்த, கொழுப்பு மாத்திரைகளை முன்கூட்டியே மாற்றுவது என்ற வரிசையில் திட்டமிடவேண்டும்.

இன்னும் நோய் வராத, ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால் செய்யவேண்டியது எளிது. பிறந்தவுடன் போடும் தடுப்பூசிக்கு அடுத்தது ஆறாவது வாரத்தில் வருகிறது. அதை ஒட்டியே தாய்க்கும் குளுக்கோஸ் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, பிள்ளையின் பிறந்தநாள் வாரத்தில் பாருங்கள், தேதி மறக்காது. சோதனைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவர் கூடப் போகவேண்டும். அது குழந்தையின் அப்பாவாக இருக்கட்டும், அவரும் அங்கேயே தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வரட்டும்.